யாகூப் பாய் வேகமாக வரவில்லை

கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் எங்கள் மாதிரி ரயில் மன்றத் தலைவர் லோகப்பிரியா அம்மையார் அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் வார்டு உறுப்பினர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் யாகூப் பாயின் துணைவியார் உம்மல் குல்சும் அவர்களே, மகள் நிலோஃபர் அவர்களே, பீளமேட்டிலிருந்தும் போத்தனூரிலிருந்தும் வந்திருக்கும் நண்பர்களே, வணக்கம். நான் கந்தப்பன், இந்த மன்றத்தின் செயலாளர்.

இரங்கல் கூட்டத்தில் குரலை உயர்த்தாதீர்கள் என்று படியேறும்போது ஒருவர் என் காதில் சொன்னார். மன்னிக்க வேண்டும். இன்றைக்கு அது என்னால் ஆகாது.

யாகூப் பாய் யார்? பீளமேட்டில் முப்பத்தோரு வருடம் மோட்டார் காயில் கட்டியவர். எரிந்துபோன பம்பு மோட்டாரை அவரிடம் கொடுத்தால், அது ஏன் எரிந்தது என்று சொல்லாமல் திருப்பித் தரமாட்டார். எங்கள் மன்றத்தின் சின்ன ரயிலுக்கு டர்ன்டேபிள் செய்து கொடுத்தவரும் அவர்தான். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: ஒரு வட்டக் குழி, அதற்குள் சுழலும் ஒரு குட்டிப் பாலம். எஞ்சின் பாலத்தில் ஏறி நிற்கும், பாலம் சுற்றும், எஞ்சின் திசை மாறி வெளியே வரும். வெளிநாட்டிலிருந்து ஒன்றை வரவழைக்கலாம் என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம். எதுக்குங்க, நாமளே செஞ்சுபோடலாமுங்க என்றார். செய்தார்.

குழிக்கு ஓர் எவர்சில்வர் தாம்பாளம். அச்சுக்குப் பழைய மொபெட்டின் சக்கர பேரிங். சுற்றுவதற்கு, மைக்ரோவேவ் அடுப்பில் தட்டைச் சுழற்றும் சின்ன மோட்டார். பாலத்துக்குக் கரண்ட் போக மிக்ஸியின் கார்பன் பிரஷ். பாலம் வந்து நிற்கும்போது பாலத்துத் தண்டவாளமும் வெளித் தண்டவாளமும் மயிரிழை விலகினாலும் எஞ்சின் தடம் புரளும். அந்த மயிரிழைக்காக எட்டு மாதம் கழற்றினார், மாட்டினார், கழற்றினார்.

முதல் காட்சியன்று என்ன நடந்தது என்பது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். பாலம் வேறு பக்கம் பார்த்து நின்றது. ஆர்.எஸ்.புரத்துப் பள்ளிப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க, எஞ்சின் நேராக வந்து குழிக்குள் தலைகுப்புற விழுந்தது. மறுநாளே பாய் வயரிங் முழுவதையும் பிரித்துவிட்டார். நான் கேட்டேன்: "ஏனுங்க பாய், பொம்மைதானுங்களே? பாத்து ஓட்டுங்கன்னு ஒரு போர்டு வெச்சாப் பத்தாதுங்களா?"

அவர் தலையை நிமிர்த்தவில்லை. "குழி வெட்டுனது நானுங்க. அதுக்குள்ள எதுவும் உழாமப் பாத்துக்கறதும் என் வேலைதானுங்க" என்றார்.

அன்றிலிருந்து, பாலம் எந்தத் தடத்துக்கு நேராக நிற்கிறதோ அந்தத் தடத்தில் மட்டும்தான் கரண்ட் வரும். மற்ற தடங்களில் வரும் எஞ்சின் குழிக்கு ஒரு சாண் முன்பே தானாக நின்றுவிடும். ஒரு பொம்மை எஞ்சினுக்கு அவர் செய்த ஏற்பாடு இது.

இனி, அந்த மனிதருக்கு இந்த ஊர் என்ன ஏற்பாடு செய்தது என்று சொல்கிறேன்.

நம் மன்றத்துக்கு வரும் சாலையில் குழாய் பதிக்கப் பள்ளம் தோண்டினார்கள். ஆறடி ஆழம். தடுப்பு இல்லை, விளக்கு இல்லை, ஒரு சிவப்புத் துணிகூட இல்லை. மூன்று மாதம் அப்படியே கிடந்தது. யாகூப் பாய் மனுக் கொடுத்தார். ஒன்றல்ல, மூன்று. மூன்றுக்கும் ரசீது வைத்திருந்தார். பார்க்கிறோம் என்றார்கள். பொறுக்காமல் அவரே நான்கு மூங்கில் கழி நட்டுக் கயிறு கட்டினார். லாரி திரும்ப இடைஞ்சலாக இருக்கிறது என்று ஒப்பந்தக்காரரின் ஆட்கள் அதையும் பிடுங்கிப் போட்டார்கள்.

போன மாதம் ஒன்பதாம் தேதி, காலை எட்டரை மணி. பாலம் சுற்றும்போது உரசுகிறது, பேரிங் மாற்ற வேண்டும், வாருங்கள் என்று அவரைக் கூப்பிட்டது நான்தான். அதை நான் சாகும்வரை சுமப்பேன். மழை பெய்து சாலை முழுக்கத் தண்ணீர். எது ரோடு, எது பள்ளம் என்று தெரியவில்லை. வண்டியோடு உள்ளே போனார். தூக்கி எடுத்தபோது மூச்சிருந்தது. மதியம் அதுவும் போனது.

அப்புறம் நடந்ததைக் கேளுங்கள். மறுநாள் காலை ஏழு மணிக்குத் தடுப்பு வந்தது. மூன்று மாதம் கிடைக்காத தடுப்பு, ஓர் உயிர் போனதும் ஒரே இரவில் எங்கிருந்து கிடைத்தது? காவல் நிலையத்தில் எழுதிய அறிக்கையில் என்ன இருக்கிறது தெரியுமா? வண்டியை அதிவேகமாக ஓட்டி வந்ததால் நிலைதடுமாறினார் என்று இருக்கிறது. யாகூப் பாயா வேகமாக வந்தார்? இந்த ஊரில் அவரைச் சைக்கிள்காரர்கள் முந்திப் போவார்கள். அவர் வண்டியின் பின்னால் உட்கார்ந்து போனவர்கள் இங்கே ஐம்பது பேர் இருக்கிறீர்கள். ஒருவராவது எழுந்து, ஆமாம், வேகமாகத்தான் ஓட்டுவார் என்று சொல்லுங்கள் பார்க்கலாம்.

அந்த ஒப்பந்தக்காரர் இன்று காலை ஒரு மலர் வளையம் அனுப்பியிருந்தார். அதை நான் உள்ளே விடவில்லை. வாசலுக்கு வெளியே கிடக்கிறது. வேண்டுமென்றால் அவரே வந்து எடுத்துக்கொள்ளட்டும்.

உங்கள் வீட்டுக்கு என்ன செய்ய வேண்டும் என்று நேற்று நிலோஃபரிடம் கேட்டேன். அந்தப் பிள்ளை அழவில்லை. "எங்க அத்தா வேகமாப் போகலைன்னு எழுதித் தரச் சொல்லுங்க மாமா. அது போதுமுங்க" என்றது.

நண்பர்களே, டர்ன்டேபிள் வேலையை முடித்துவிட்டோம். பள்ளத்துச் சேற்றிலிருந்து எடுத்த அவருடைய பையில் பேரிங் இருந்தது. அதைக் கழுவி, நானும் நிலோஃபரும் மாட்டினோம். உரசல் இல்லை. ஞாயிற்றுக்கிழமைக் காட்சி நடக்கும். இனி ஒவ்வொரு மாதமும் நடக்கும். அது எளிய வேலை.

கடினமான வேலை இந்த மேசைமேல் இருக்கிறது. அறிக்கையில் இருப்பது பொய் என்று ஒரு வாக்குமூலம் எழுதி வைத்திருக்கிறேன். மூன்று மனுக்களின் நகல்களும் அதோடு இருக்கின்றன. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு நாம் எல்லோரும் கையெழுத்துப் போட்டு இதைக் காவல் நிலையத்துக்கு எடுத்துக்கொண்டு போகிறோம். திருத்தும்வரை அந்த இடத்தைவிட்டு எழுவதில்லை. இது யாகூப் பாய்க்கு இந்த மன்றம் கொடுக்கும் வாக்கு.

வார்டு உறுப்பினர் அவர்களே, அந்த மூன்று மனுக்களும் உங்கள் கைக்குத்தான் வந்தன. முதல் கையெழுத்து உங்களுடையதாக இருக்கட்டும். நீங்கள் போடும்வரை நான் இந்த ஒலிபெருக்கியை விட்டு நகரப் போவதில்லை.