அஞ்சாவது சாவி

இல்லண்ணே, தொலைக்கல. இதோ, கையிலதானே வச்சிருக்கேன். இதே மாதிரி இன்னும் அஞ்சு வேணும். பரவால்ல, நேரமானா ஆகட்டும், நான் இப்படியே ஸ்டூல்ல உட்கார்ந்துக்கறேன். கையோட வாங்கிட்டுப் போனாத்தான் எனக்கு நிம்மதி.

ஐயோ, ஹாஸ்டல் எல்லாம் இல்லண்ணே, வீடுதான். இருபத்தாறு வருஷமா இந்த ஒத்தச் சாவிதான். அதுவும் ஆணியில சும்மா தொங்கும். யார் எப்ப வந்தாலும் பெல் அடிப்பாங்க, நான் போய்த் திறப்பேன். போன வருஷம் ஒரு கல்யாணத்துக்குக் குடும்பத்தோட கிளம்பினோம். கதவைப் பூட்டலாம்னா சாவியக் காணோம். கார்க்காரர் ஹாரன் அடிக்கிறார், என் வீட்டுக்காரர் எம்மேல எரிஞ்சு விழறார். கடைசில பார்த்தா, ஆடுற சாப்பாட்டு மேசைக் காலுக்கு அடியில முட்டுக் குடுத்து வச்சிருக்கு. யாரா? அவரேதான். சிரிங்க, சிரிங்க, நானும் இன்னும் சிரிச்சு முடிக்கல.

நீங்க மிஷின ஓட்டிக்கிட்டே கேளுங்க. முதல் சாவி அவருக்கு. அவர் பெல் அடிச்சா டக் டக்னு ரெண்டுதான், ஏதோ ஆபீஸ்ல சீல் குத்துற மாதிரி. பையன் வச்ச விரலை எடுக்கவே மாட்டான், அடுப்பைப் பாதியில விட்டுட்டு ஓடணும். பொண்ணு ஒரு தடவை அடிச்சிட்டு உடனே ம்மான்னு கத்துவா. அப்புறம் பெல் எதுக்கு? மாமனார் பெல்லத் தொடவே மாட்டார், கரண்ட் வீணாப் போயிடுமாம். குடையால கதவைத் தட்டுவார். வாசல்ல நிக்கிறது யாருன்னு கண்ணை மூடிட்டே சொல்லிடுவேன்.

ஆமா, நாலு பேருதான். அஞ்சாவதா? சொல்றேன்.

அந்த முனையில பல் டாக்டர் கிளினிக் இருக்குல்ல? முன்னாடி மேசையில உட்கார ஆள் வேணும்னு ஒட்டியிருந்தாங்க. பல் வலின்னு போனவ, அதையும் விசாரிச்சிட்டேன். முன் அனுபவம் இருக்கான்னு டாக்டரம்மா கேட்டாங்க. இருபத்தாறு வருஷமா கதவைத் திறந்து, உட்கார வச்சு, என்ன வேணும்னு கேக்கறதுதாங்க என் வேலைன்னேன். விழுந்து விழுந்து சிரிச்சாங்க. திங்கக்கிழமைலேர்ந்து வரச் சொல்லிட்டாங்க.

வீட்ல இன்னும் சொல்லலண்ணே. ஒரு வாரமா வாய் வரைக்கும் வருது, முழுங்கிடறேன். வேணாம்னு சொல்லிடுவாங்களோன்னு பயமா இருக்கு. சொன்னாலும் போகத்தான் போறேன், அது வேற விஷயம். இன்னிக்கு சாப்பிட உட்காரும்போது தட்டுப் பக்கத்துல ஆளுக்கொரு சாவிய வச்சிடுவேன். என்ன இதுன்னு கேக்கட்டும், சொல்றேன்.

அஞ்சாவது எனக்குத்தான், இந்தப் பழசு ஆணியிலேயே தொங்கட்டும். நான் கடைக்குப் போனாக்கூட மாமனார் வாசல்ல பேப்பர் படிச்சிட்டு இருப்பார், கதவு திறந்தே கிடக்கும். அதனால எங்க வீட்டு பெல்ல நான் ஒருநாளும் அடிச்சதே இல்லண்ணே. திங்கக்கிழமை நான் வர ஏழு மணியாகும், நாலு பேரும் உள்ளதான் இருப்பாங்க. சாவி பையிலேயே இருக்கட்டும். ஒரே ஒரு தடவை பெல் அடிச்சிட்டு நிக்கப் போறேன். யாராவது எழுந்து வந்து திறக்கட்டுமே.