பின்மூலைக் கல்

மும்பையில் தமிழ் எழுதுகிறவர்களில் பொய்யே எழுதாதவன் நான் ஒருவன்தான். எங்கள் கல்லூரித் தமிழ் மன்ற இதழுக்கு வாசகர்கள் பதினோரு பேர். நீங்கள் யாரும் இதுவரை மறுத்ததில்லை. நையாண்டி என்றாலும் நடந்ததைத்தான் எழுதுவேன்.

பாண்டுப் மலைச்சரிவில் எங்கள் எதிர்வீடு சேசம்மாள் சித்தி. உறவில்லை, ஒரே சர்ச். வீட்டு வேலைக்குப் போய்ப்போய் முழங்கால் தேய்ந்தபின், நாட்டுக்கோழி முட்டை விற்றுப் பிழைத்துக்கொள்ளலாம் என்று முடிவெடுத்தார். இல்லையென்றால் டோம்பிவிலியில் தம்பி வீட்டுச் சமையலறையில் போய்ப் படுக்க வேண்டும். தம்பி மனைவியைப் பற்றி அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "அவ தண்ணியக்கூட அளந்துதான் குடுப்பா."

மாதவ் என்பவரின் காலிமனையில் ஒரு மூலையை வாடகைக்குப் பிடித்தார். இந்த ஊர் வழக்கப்படி பதினோரு மாத ஒப்பந்தம். சிமெண்ட் மண்ணைத் தொடக்கூடாது என்று மாதவ் சொல்லிவிட்டார். தளம் போட்டவர்கள் எழுந்து போவதில்லை என்பது அவருடைய அனுபவம்.

நான் சிவில் படிக்கிறேன். அதனால் கோழிக்கூட்டு வரைபடம் என் பொறுப்பு. ஐரோலி கம்பெனிகள் கழித்துப்போட்ட பெட்டிப் பலகை, கம்பி வலை, கூரைக்கு யாரோ ஒரு தலைவரின் பிறந்தநாள் பேனர். முப்பது குஞ்சுகளும் கூப்பிய கைகளின் கீழே தூங்கின.

"ஏல ஜெப்ரி, பெருச்சாளி அடியில தோண்டி வந்துராதால?"

"வராது சித்தி."

"படிச்ச புள்ள சொன்னா சரிதான்."

வரும். வலையை ஓரடி மண்ணுக்குள் இறக்கினால்தான் வராது. அதை நான் வரையவில்லை. கட்டுரையை முன்பே எழுதிவிட்டிருந்தேன். பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர் படுக்கிற ஊரில், வாடகை மண்ணில் கோழிக்கு மாளிகை எழுப்பும் ஒரு பெண்மணி. கடைசிப் பத்தியில் பெருச்சாளிகள் குடும்பத்தோடு கிரகப்பிரவேசம் செய்யும். மன்றத்தில் வாசித்தபோது கூடப் படிக்கிற அஃப்ஷா கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

"செமடா. நெஜமாவே நடந்துச்சா?"

"நடந்தது" என்றேன்.

சித்தி என்னை நம்பினாலும் சும்மா இருக்கவில்லை. அந்த முழங்காலோடு சரிவில் ஏறி இறங்கி, கூட்டைச் சுற்றிக் கருங்கல் அடுக்கினார். மூன்று வாரம் எதுவும் நுழையவில்லை. இதழ் அச்சுக்குப் போகிற நாள் நெருங்கியது. என் சங்கடம் உங்களுக்குப் புரியும். நடக்காததை அச்சிட்டால் அது பொய்.

ஒரு மாலை, பலகை இறுக்கமாக இருக்கிறதா என்று பார்க்கப் போனேன். சித்தி டீ போட்டுக் கொண்டுவந்தார். குடித்தேன். அவர் கிளாஸை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனதும், சாக்கடைப் பக்கம் பின்மூலையில் இருந்த கல்லை நகர்த்தி வைத்தேன். ஒரு கல்தான்.

காலையில் நான்கு குஞ்சுகள் மிச்சம். கூடு கட்டவும் குஞ்சு வளர்க்கவுமாக ஐந்து மாதம் போயிருந்தது. புதிதாக வாங்கினால் முட்டையிட ஆறு மாதம். ஒப்பந்தத்தில் மிச்சமும் ஆறு.

"ஒன் ப்ளான்ல குத்தமில்லய்யா" என்றார் சித்தி. "ஒரு கல்ல நாந்தான் சரியா வைக்கல போலருக்கு. ஒம் பேரயும்லா கெடுத்துட்டேன்."

நான் "பரவாயில்லை சித்தி" என்றேன். அவரை மன்னித்துவிட்டேன்.

அந்த வாரமே டோம்பிவிலிக்குப் போய்விட்டார். நான்கு குஞ்சுகளையும் என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். இப்போது தினமும் வகுப்புக்கு முன்னால் அந்த வாடகை மூலையில் மண்வெட்டியோடு நிற்கிறேன். மூன்று பக்கம் வலை இறக்கியாயிற்று. நான்காவது பக்கம் பாறை, மெதுவாகத்தான் போகிறது. நகமெல்லாம் மண். அஃப்ஷாவிடம் ஜிம் என்று சொல்லியிருக்கிறேன்.

கல்லை நகர்த்தியது நான்தான். எதையும் ஒளிக்காமல், பெயரோடு, இதே இதழில் எழுதிவிட்டேன். மனசு கொஞ்சம் லேசாகியிருக்கிறது. சித்திக்கும் ஒரு பிரதி தபாலில் அனுப்பியிருக்கிறேன். அவர் மராட்டிப் பள்ளியில் படித்தவர். தமிழ் வாசிக்க வராது.