பின்னால் பார்க்கும் விளக்கு

ராத்திரி பதினொன்று தாண்டியிருக்கும். ஆற்றுப் பாலம். விளக்குக் கம்பங்கள் உண்டு, எரியாது. மழை விட்டும் விடாமல் நசநசத்துக்கொண்டிருந்தது. ஒரே ஒரு சைக்கிள்... வேறு ஈ காக்காய் இல்லை.

இருங்கள், சொல்கிறேன். முதலில் அந்த ஷட்டரைப் பாதிக்கு இறக்குங்கள், சாரல் அடிக்கிறது. இந்த மழையில் எவனும் பார்சலைத் தூக்கிக்கொண்டு டெலிவரிக்குக் கிளம்பப் போவதில்லை. நம்ம கண்ணாடி இருக்கிறானே, அவன் சைக்கிளுக்குப் பின்னால் வருவதைப் படம் பிடிக்கிற கேமரா லைட் வாங்கப் போகிறானாம். சீட்டுக் கம்பியில் மாட்டுவானாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு இந்தச் சம்பவம்தான் ஞாபகம்.

"கதை விடாதீங்கண்ணே," என்கிறான் கண்ணாடி. விடவில்லையடா. என் அக்கா வீட்டுக்காரரோடு லிப்ட் ரிப்பேர் பார்க்கிறவர் ஒருத்தர். அவர் தங்கைக்கும் தங்கை புருஷனுக்கும் நடந்தது இது. லிப்டுக்காரர் வாயாலேயே கேட்டேன். அந்த மனுஷனுக்குக் கோபம் வரும், பொய் வராது.

ஒன்றே ஒன்று. நான் சொல்லி முடிக்கிற வரை நடுவில் எவனும் 'ம்' கொட்டக் கூடாது. ஏன் என்று கேட்காதீர்கள். தானாகத் தெரியும்.

தங்கைக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் சாயங்கால ஷிப்ட். புருஷன் அச்சகத்தில் பைண்டர். தினமும் ராத்திரி அவன்தான் போய்க் கூட்டி வருவான். அவள் கேரியரில் ஒருக்களித்து உட்கார்ந்து அவன் முதுகில் சாய்ந்துகொள்வாள். இவனுக்கு வாய் ஓயாது. அவள் பாதித் தூக்கத்தில் 'ம்' மட்டும் கொட்டுவாள்.

அன்றைக்குப் பாலத்து நடுவில் சைக்கிள் ஒரு குலுக்குக் குலுக்கியது. "கெட்டியாப் பிடிச்சுக்கோ," என்றான். "ம்." பாப்பாவுக்கு ஸ்கூல் ஷூ சின்னதாகிவிட்டது என்றான். "ம்." குளிருதா என்றான். "ம்." வீட்டு வாசலில் கால் ஊன்றி, "இறங்கு," என்றான். பாரம் இறங்கியது. சைக்கிள் லேசானது அவனுக்கு நன்றாகத் தெரிந்தது. திரும்பிப் பார்த்தால்... ஆளே இல்லை.

கேரியர் காய்ந்திருந்தது. ஊரே நனைகிற மழையில், ஒரு ஆள் உட்கார்ந்த அளவுக்கு அந்த இடம் மட்டும் காய்ந்து கிடந்தது. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தூறல் விழுந்து அதுவும் நனைந்துவிட்டது.

தங்கை பாலத்திலேயே கிடந்தாள். ஓரக் கல்லில் பின்மண்டை பட்டிருந்தது. விழுந்த மாத்திரத்தில் உயிர் போயிருக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

இவன் சொன்னதை யார் நம்புவார்கள்? போலீஸ் விபத்து என்று மூடிவிட்டது. லிப்டுக்காரர் விடவில்லை. பிணவறை வாசலிலேயே சட்டையைப் பிடித்துவிட்டார். "பின்னாடி பொண்டாட்டி இல்லங்கிறதே தெரியாம ஒருத்தன் வீடு வரைக்கும் மிதிப்பானா? நீதான்டா தள்ளிவிட்டிருக்கே!" ஆறு வயசுப் பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். "என் தங்கச்சி எப்படிப் போனான்னு தெரியற வரைக்கும் பாப்பா என்கிட்டதான் இருப்பா."

பெண்டாட்டியும் போய், பிள்ளையும் போய், கொலைகாரன் என்ற பேரும் வந்தால் ஒருத்தன் என்னதான் செய்வான்? இவன் சைக்கிள் கடைக்குப் போனான்.

கடைக்காரர் இரண்டு கேமரா லைட்டை எடுத்து வைத்தார். "இது வெளிச்சம் ஜாஸ்தி, ஆனா சத்தம் பதியாது. இது கொஞ்சம் மங்கல், பேச்சுச் சத்தம் எல்லாம் விழும்."

"சத்தம் பதியணும்," என்றான்.

கேரியரின் வால் பக்கம் மாட்டப் போனார் கடைக்காரர். இவன் தடுத்து, சீட்டுக்குக் கீழே கம்பியைக் காட்டினான்.

"அங்க வேணாம் சார். கேரியர்ல ஆள் உக்காந்தா கேமராவை அப்படியே மறைச்சிடும்."

"மறைக்கட்டும்."

கடைக்காரர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். கம்பி மெலிசு. ரப்பர் துண்டைச் சுற்றி, கிளாம்பைப் போட்டு இறுக்கி, வானத்தையும் காட்டாமல் சக்கரத்தையும் காட்டாமல் நிமிர்த்திக் கொடுத்தார்.

அதற்கப்புறம் தினமும் ராத்திரி காலி கேரியரோடு அந்தப் பாலத்தில் போய் வந்தான். ஒன்றும் இல்லை. ரோடு, இருட்டு, குறுக்கே ஓடின ஒரு நாய். கடைசியில் ஒருநாள் மழை பிடித்தது.

அந்த வீடியோவை லிப்டுக்காரரிடம் கொண்டுபோய்ப் போட்டான். ஈர ரோடு லைட் வெளிச்சத்தில் சிவப்பாகப் பின்னால் ஓடுகிறது. பாலத்து நடுவில் கேரியர் 'கிறீச்'... படம் இருண்டுபோகிறது. துணியா, தோலா, முடியா... எதுவும் தெரியவில்லை. கேமராவை ஒட்டி ஏதோ உட்கார்ந்திருக்கிறது. தூரத்தில், காற்றோடு, இவன் குரல். "குளிருதா?"

மைக்குக்கு ரொம்பக் கிட்டத்தில், "ம்."

லிப்டுக்காரர் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார். பிறகு குலுங்கிக் குலுங்கி அழுதார். "அவதான். என் தங்கச்சிதான். என்னை மன்னிச்சிடுங்க மாப்ள." பாவம், அவர் தங்கையைத் தேடிக்கொண்டிருந்த மனுஷன். எனக்கு மட்டும் இன்றைக்கும் ஒரு சந்தேகம்... 'ம்' சொல்ல யாருக்குத்தான் வராது?

அன்று ராத்திரியே பாப்பாவைக் கூட்டிப்போகிறேன் என்று நின்றான். விடியட்டும் என்றார் லிப்டுக்காரர். "பயப்படாதீங்க மச்சான், அம்மாவும்தான் கூட வருவா," என்றான். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். கேரியரில் துண்டை மடித்துப் போட்டு, பிள்ளையை உட்கார வைத்து, அதன் கைகளை இழுத்துத் தன் இடுப்பைச் சுற்றி வைத்துக்கொண்டான். சிவப்பு லைட் தெருமுனை திரும்பி மறைகிற வரை லிப்டுக்காரர் பார்த்துக்கொண்டு நின்றார். தூறல் ஆரம்பித்தது.

"அண்ணே... ஒரு கேரியர்ல ரெண்டு பேர் எப்படிண்ணே உக்காருவாங்க?"

கேட்டான் பார் கண்ணாடி! இதைத்தான்டா அங்கே ஒருத்தரும் யோசிக்கவில்லை.

லிப்டுக்காரர் வீட்டுக்குள் வந்தால் பாப்பாவின் ஸ்கூல் பை மூலையிலேயே கிடக்கிறது. காலையில் பள்ளிக்கூடம் போகணுமே என்று பையை எடுத்துக்கொண்டு, ஸ்கூட்டரைக் கிளப்பிப் பின்னாலேயே போனார். பாலத்து நடுவில் ஹெட்லைட் வெளிச்சத்தில் ஏதோ சின்னதாக நின்றது. பக்கத்தில் போனால்... பாப்பா. ஒரு காலில்தான் ஷூ. முட்டி சிராய்த்து ரத்தம். அழுது அழுது குரல் கட்டிப்போயிருந்தது.

"விழுந்துட்டியா செல்லம்? அப்பா எங்கே?"

"யாரோ என்னை நகத்துனாங்க மாமா. இடுப்பால இடிச்சு இடிச்சு... நகத்திட்டே இருந்தாங்க. நான் விழுந்துட்டேன். அப்பான்னு கத்தினேன். அப்பா பேசிட்டே போயிட்டாரு."

லிப்டுக்காரர் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு கையாலேயே வண்டியை ஓட்டினார். அவன் வீட்டு வாசலில் சைக்கிள் ஸ்டாண்டு போட்டு நின்றது. சீட்டுக்குக் கீழே சிவப்பு லைட் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அந்த வெளிச்சத்தில் கேரியரைப் பார்த்தார். சொட்டச் சொட்ட நனைக்கிற மழையில், மடித்துப் போட்ட துண்டு இன்னும் காய்ந்தே கிடந்தது. ஆறு வயசுப் பிள்ளை உட்கார்ந்த அளவு இல்லை அது. துண்டு முழுக்க, கேரியர் முழுக்க, அதற்கு வெளியே மட்கார்டு வரைக்கும் காய்ந்திருந்தது. ஈரச் சாக்கு மக்கினது மாதிரி ஒரு நாற்றம். சைக்கிளிலிருந்து கதவு வரைக்கும் அந்த நாற்றம் போனது.

கதவைத் தட்டினார். பாப்பா அவர் கழுத்தை இறுக்கிக்கொண்டது. அதன் சூடான மூச்சு அவர் காதில் பட்டுக்கொண்டே இருந்தது.

கதவு கொஞ்சமாகத் திறந்தது. அவன்தான். தலை துவட்டாமல், ஈரச் சட்டையோடு நின்றான். பல வருஷத்துக்கு அப்புறம் நிம்மதியாகச் சிரிக்கிறவன் மாதிரி சிரித்தான். அவர் தோளில் இருந்த பிள்ளையை அவன் கண் பார்க்கவே இல்லை. உதட்டில் விரலை வைத்தான்.

"உஷ்... சத்தம் போடாதீங்க மச்சான். பாப்பா இப்பதான் கண் அசந்தா."

சொல்லிவிட்டு, பின்னால் இருட்டாக இருந்த அறைப் பக்கம் திரும்பி, செல்லமாகக் கேட்டான்.

"தூங்கிட்டியாம்மா?"

உள்ளேயிருந்து...

"ம்."