கட் சொல்லாத ஷாட்

கதையில் மணி மூணு. ராத்திரி இல்லை, பட்டப்பகல். அதனால் இப்போதே யாரும் ஒட்டி உட்கார வேண்டாம்… விளக்கை மட்டும் கொஞ்சம் தணியுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை. பள்ளிக்கூடச் சாலையில் ஒரு நாய்கூட இல்லை. என் சிநேகிதனுடைய மச்சான் தனியாக நடந்து போகிறார். தமிழ் வாத்தியார். பாடத்தைப் படமாக எடுத்தால்தான் பிள்ளைகள் மண்டையில் ஏறும் என்று கேமராவும் கையுமாக அலைந்தவர்.

பதினோரு நாளைக்கு முன்னால் கடைசி ஷாட். மொட்டைமாடி அறை. பாடத்துக் கதையில் ஒருத்தி ஜன்னலோரம் புருஷனுக்காகக் காத்து நிற்பாள். அதற்கு ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி. சொன்ன சொல் தட்டாதவள். மற்ற பிள்ளைகள் வீட்டுக்குப் போயாச்சு.

"நான் கட் சொல்ற வரைக்கும் அசையக்கூடாது. தெரியுதா?"

"சரிங்க சார்."

கீழே தலைமையாசிரியர் கூப்பிட்டார். வாத்தியார் பழக்கதோஷத்தில் கதவைப் பூட்டிக்கொண்டு இறங்கினார்… மறந்தே போனார். அவளுக்கு மூச்சிழுப்பு. மருந்து கீழே, புத்தகப் பையில். ஆறு மணிக்கு அவர் வந்து திறந்தபோது நின்ற இடத்திலேயே சரிந்து கிடந்தாள். உயிர் இல்லை.

"சொல்லாம கொள்ளாம மாடி ஏறிட்டா. வாலுப் பொண்ணு," என்று அவள் அப்பாவிடமே சொன்னார். அந்த மனுஷன் மன்னிப்பு வேறு கேட்டார்.

திங்கட்கிழமை விசாரணை. கேமராவில் வாத்தியார் குரல் இருக்கிறதே… அதை அழிக்கத்தான் இந்த நடை.

கம்ப்யூட்டர் அறை. சூடான ஒயர் வாசனை. அன்றைக்குக் கேமராவை வைத்துப் பூட்டிய அலமாரியைத் திறந்தார். கேமராவில் சிவப்பு விளக்கு எரிகிறது. திரையில் அவள் முதுகு. நிற்கிறாள். ஓரத்தில் நேரம்… பதினோரு நாளாக நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கிறது.

அழிக்கும் பொத்தானை அழுத்தினார். 'பதிவு நடக்கிறது. அழிக்க முடியாது.' பேட்டரியைக் கழற்றினார். ஓடியது.

விசில் மாதிரி ஒரு மூச்சு… ஈ… ஈ…

"கட்," என்றார் மெல்ல.

விளக்கு அணைந்தது. அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தார். விளக்கு மறுபடி எரிந்தது. இப்போது திரையில் அவர் முதுகு.

"இப்ப நீங்க, சார். நான் கட் சொல்ற வரைக்கும் அசையக்கூடாது."

அசைவில்லாமல் கிடந்தவரை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து வீட்டில் உட்காரவைத்திருக்கிறார்கள். டாக்டர் ஒரு கோளாறும் இல்லை என்கிறார். "நானே அவர் காதுல பத்து தடவை கட் சொல்லிப் பார்த்துட்டேன்டா," என்றான் சிநேகிதன்.

அந்தப் பெண்ணின் அப்பா மட்டும் வாராவாரம் வருகிறார். "எம்பொண்ணால சாருக்கு இப்படி ஆயிடுச்சே," என்று எதிரே உட்கார்ந்து அழுகிறார். வாத்தியார் அவரைப் பார்ப்பதில்லை. அவருக்குப் பின்னால்… ஜன்னலோரம்… ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையின் வாய் இருக்கும் உயரத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.