பெயர் இல்லாத புரோகிராம்

இருட்டுகிற நேரம். வெள்ளிமலையிலிருந்து இறங்குகிற ரோடு... விடாத மழை. ஒரு வண்டி இல்லை. பஸ்ஸை விட்டுவிட்டு ஒரு பொம்பளை தனியாக நடந்து வருகிறாள்.

"யோவ், நீ பாத்தியா இன்னா?" என்று உங்களில் ஒருத்தன் கேட்கிறான்.

நான் பார்க்கவில்லை. நம்மோடு கரும்பு வெட்டுகிற வீரமணி இருக்கிறானே, அவன் மச்சினன் தமிழழகனுக்கு நடந்தது. வடக்கனந்தலில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறான். கிட்ட வந்து உட்காருங்கள்...

தமிழழகன் ஷட்டரை இறக்கப் போனான். எதிரே அவள் நின்றாள். சாலம்மாள். புடவை சொட்டச் சொட்ட நனைந்து, சேற்று வாடை.

"தம்பி, எம் பொண்ணு எழில்மதிய ஓடைத்தண்ணி இழுத்துக்கினு போயிடுச்சு. வூட்ல ஒரு போட்டோகூட இல்ல. எங்க சொந்தத்துல ஒரு கல்யாணத்துக்கு நீ வீடியோ எடுத்தியே... அதுல சாமை குத்திக்கினு சிரிப்பா. அத மட்டும் குடு சாமி."

இருந்தது. பழைய ஹார்ட் டிஸ்க், எப்போது சாகும் என்று சொல்ல முடியாது. பென்டிரைவில் காப்பி எடுக்கப் போட்டான். நகரவே இல்லை. டிஸ்க் மட்டும் டக்... டக்... என்று அடித்துக்கொண்டது. ஒயர் கருகுகிற நாற்றம்.

எந்தப் புரோகிராம் டிஸ்க்கை இந்தப் பாடு படுத்துகிறது? அதைக் காட்டும் பட்டியலைத் திறந்தான். வரிக்கு ஒரு புரோகிராம். அதன் பெயர், டிஸ்க்கிலிருந்து அது எவ்வளவு படிக்கிறது, எவ்வளவு எழுதுகிறது, எல்லாம் இருக்கும். உச்சியில் ஒரு வரி... பெயரே இல்லை. அது ஒரே வீடியோவைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தது. எழில்மதி இருக்கிற வீடியோ.

"இன்னா தம்பி?"

"எதுவோ அத வுடாம பாத்துக்கினே கீதும்மா. இப்டியே போனா டிஸ்க் செத்துடும். அப்பறம் ஒண்ணும் கெடைக்காது."

"அது யாரு எம் பொண்ணப் பாக்கறது? தொரத்து தம்பி! ஒங்காலுல வுழறேன். எனக்கு அவ வேணும்."

அந்த வரியை நிறுத்தினான்.

சத்தம் அடங்கியது. காப்பி மளமளவென்று முடிந்தது. ஓட்டிக் காட்டினான். பந்தல்... கூட்டம்... உரல். உலக்கை ஏறுகிறது, இறங்குகிறது. பிடித்திருக்க ஆள் இல்லை.

டிஸ்க்கில் இருந்ததையும் போட்டுப் பார்த்தான். அதிலும் அவள் இல்லை.

சாலம்மாள் அழவில்லை. திரையில் முகத்தை ஒட்ட வைத்துக்கொண்டாள்.

"அவளையா... தொரத்தச் சொன்னேன்?"

அவ்வளவுதான். மழையில் இறங்கிவிட்டாள். தமிழழகன் பின்னாலேயே ஓடினான். ரோடு வெறிச்சென்று கிடந்தது. காலையில் மலையில் அந்தக் கல்யாண வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்டான். வீடு திரும்பவில்லை என்றார்கள்.

கம்ப்யூட்டரைப் போட்டான். டக்... டக்... பட்டியலின் உச்சியில் பெயரில்லாத வரி. இந்தத் தடவை படிக்கவில்லை.

எழுதிக்கொண்டிருந்தது.

வீடியோவைத் திறந்தான். அதே பந்தல். உலக்கை கீழே கிடக்கிறது. கூட்டத்துக்குள் சாலம்மாள்... நனைந்த புடவையோடு, ஒவ்வொரு பெண்ணின் முகத்தையும் பிடித்துத் தன் பக்கம் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு போகிறாள்.