செபாஸ்டியன் கோபுரத்தில் அனுமதி இலவசம்

அவைக்குத் தலைமையேற்று, பேச்சு நீண்டால் கைக்கடிகாரத்தை ஒருமுறை பார்த்தே பேச்சாளரை உட்கார வைக்கும் ஆற்றல் படைத்த மாண்புமிகு நகரத்தலைவி அன்னெக்ரெட் அம்மையார் அவர்களே! முன்வரிசையில் முதுமைக்குரிய மரியாதையோடும் முழங்கால் வலியோடும் வீற்றிருக்கும் பெரியோர்களே! மடியில் பிள்ளையையும் கையில் பிளம் கேக்கையும் வைத்துக்கொண்டு, இரண்டையும் கீழே போடாமல் கைதட்டத் தெரிந்த தாய்மார்களே! மாலை வகுப்பில் நம் ஜெர்மன் மொழியோடு மல்லுக்கட்டும் மாணவத் தோழர்களே! கோபுரக் காவலர் குன்ஸ் அவர்களே! ஐயா, தூணுக்குப் பின்னால் ஒளிய வேண்டாம், வயிறு தெரிகிறது. உங்கள் அனைவருக்கும் சந்தைச் சதுக்கத்தில் ஆப்பிள் பிழிந்து சாறு விற்கும் எக்பர்ட்டின் பணிவான வணக்கம்!

கற்றவர்கள் நிறைந்த இந்த லின்டன்ஃபுர்ட் நகரில், பேசுவதற்கு என்னை ஏன் அழைத்தார்கள்? நான் பேசினால் ஒலிபெருக்கி வாடகை மிச்சம் என்பதாலா? அதுவும் உண்டு. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்ததைக் கீழேயிருந்தும் கண்டவன், மேலே ஏறியும் கண்டவன் நான். அதனால்தான் அழைத்தார்கள்.

இன்று நம் தாமுனா அம்மையாரின் தோளில் நகர வழிகாட்டியின் நீலப் பட்டை ஏறுகிறது. ஜார்ஜியா நாட்டிலிருந்து வந்தவர். நம் ஊர்ப் பூஞ்செடிப் பண்ணையில் வேலை செய்பவர். பக்கத்தில் அமர்ந்திருக்கும் அவருடைய கணவர் லெவானைப் பாருங்கள். நன்றாகப் பாருங்கள். இந்த மனிதர் இப்படிக் காலை ஆட்டிக்கொண்டு கேக் கூடாது என்று மனைவியிடம் திட்டு வாங்குவதைப் பார்க்கும்போது, என் நெஞ்சில் இருந்த பாறாங்கல் மறுபடியும் ஒருமுறை இறங்குகிறது. அப்பாடா என்று இருக்கிறது!

அந்த அக்டோபரில் மாலை வகுப்பில் நடந்த பாடம் என்ன? ஊர் சுற்றிப் பார்ப்பது! நுழைவாயிலுக்கு ஒரு சொல், 'ஐன்காங்'. வெளிவாயிலுக்கு ஒரு சொல், 'ஆவுஸ்காங்'. கோபுரம், பாலம், அருங்காட்சியகம், அனுமதிச்சீட்டு, திறந்திருக்கும் நேரம், படம் எடுக்கலாமா, எந்த நூற்றாண்டு? நமக்கு இவை தாய்ப்பாலோடு வந்த சொற்கள். அவர்களுக்கோ ஒவ்வொன்றும் ஒரு மூட்டை. சுமந்தார்கள், சுமந்து சுமந்து தேர்ந்தார்கள். ஆசிரியை சொன்னார்: "ஞாயித்துக்கிழமை ஒரு கோபுரத்தையாவது பாத்துட்டு வாங்க. நம்ம மொழியில மட்டும் பேசணும். வாய் திறந்தாத்தான் மொழி வரும்."

வந்தார்கள். செபாஸ்டியன் கோபுரத்துக்கு வந்தார்கள். அங்கே யார் நின்றார்? சட்டமே சட்டை போட்டு வந்ததுபோல் நம் குன்ஸ் நின்றார்.

"பை மேல போகக் கூடாது. தீனி கூடாது. குடிக்கறது கூடாது. பெட்டியில வெச்சுப் பூட்டுங்க."

லெவானுக்குச் சர்க்கரை நோய். ஊசி போட்டுக்கொள்பவர். சில நேரம் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். அப்போது இனிப்பாக ஏதாவது உடனே உள்ளே போயாக வேண்டும், இல்லாவிட்டால் உயிருக்கே ஆபத்து. அதற்காகவே பையில் எப்போதும் சர்க்கரைக் கட்டி வைத்திருப்பார்கள். தாமுனா விளக்கப் பார்த்தார். என்ன செய்வது? உடம்பு, நோய், மருந்து, எல்லாம் அடுத்த மாதப் பாடம்! சொல் இல்லாமல் கையை ஆட்டினார். குன்ஸ் அறிவிப்புப் பலகையைக் காட்டினார். சற்று நேரம்தானே என்று பையைக் கதவுக்கு வெளியே இருந்த பெட்டியில் வைத்தார்கள். கைபேசியும் பையோடு போயிற்று.

இனி நம் ஊர் வழக்கம் ஒன்று. மாலையில் கோபுரத்தை மூடும் முன் காவலர் கீழே நின்று கைமணி அடிப்பார். இங்கே பிறந்த குழந்தைக்கும் தெரியும், மணி கேட்டால் இறங்க வேண்டும். மணி அடித்தாயிற்று, ஆகவே எல்லோரும் இறங்கியாயிற்று, ஆகவே மேலே எவரும் இல்லை. இதுதான் நம் கணக்கு! மேலே ஏறிப் பார்ப்பது உண்டா? உண்டா என்று கேட்கிறேன்! குன்ஸ் தலையைக் குனிகிறார். ஐயா, உங்களை மட்டும் சொல்லவில்லை, ஊரே அப்படித்தான்.

மேலே தாமுனா அந்த மணியைக் கேட்டார். கேட்டு என்ன செய்தார்? "எவ்வளவு அழகான மணி!" என்று கணவரின் தோளில் சாய்ந்து ரசித்தார்! கீழே குன்ஸ் பூட்டினார், சாவியைப் பையில் போட்டார், வீட்டுக்குப் போய் ஞாயிற்றுக்கிழமைக் காப்பியின் முன் உட்கார்ந்தார்.

இறங்கி வந்து கதவைத் தள்ளினார்கள். இடித்தார்கள். சதுக்கத்தில் தீயணைப்புப் படையின் ஊதுகுழல் கச்சேரி. அந்த முழக்கத்தில் கதவிடி யாருக்குக் கேட்கும்? மறுபடி மேலே ஓடினார்கள். "காப்பாத்துங்க!" என்று தாமுனா கத்தினார். எக்காளம் அதையும் விழுங்கிவிட்டது. கச்சேரிக்காரர்கள் பீர் குடிக்க நிறுத்தியபோது, வகுப்பில் சொல்லிக்கொடுத்த மரியாதையோடு முழுவாக்கியமாகவே கேட்டார்.

"மன்னிக்கணும் ஐயா! வெளிய போற வழி எங்க இருக்கு?"

கீழே நின்ற நம் ஓய்வுபெற்ற தபால்காரர் தொப்பியைக் கழற்றி நிமிர்ந்து பார்த்தார். பதில் எந்த மொழியில் சொன்னார்? ஆங்கிலத்தில்! அதுதானே நம் பண்பாடு! ஒருவர் தட்டுத் தடுமாறி நம் மொழியில் நான்கு சொல் சொன்னால் போதும், உபசாரம் என்று நினைத்து ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவோம். தாமுனாவுக்கு ஆங்கிலம் அறவே தெரியாது.

"தயவுசெஞ்சு ஜெர்மன்ல சொல்லுங்க!" என்றார்.

"கோபுரம் மூடியாச்சும்மா!"

"நாங்க மேல இருக்கோம்!"

"இருக்க முடியாதும்மா! அதான் மூடியாச்சே!"

சிரிக்கிறீர்கள். இன்று சிரிக்கலாம், நானும் சிரிக்கிறேன். "கதவைத் திறங்க!" என்று அவர் கெஞ்ச, தபால்காரர் பக்கத்தில் நின்ற ஒரு அம்மாள் பலகையைப் படித்துவிட்டு அன்பாகவே சொன்னார்: "நாளைக்கு விடுமுறை. செவ்வாய்க்கிழமை காலையில வாங்க!" இன்னொருவர் படக்கருவியை உயர்த்தி, "கொஞ்சம் தள்ளி நில்லுங்க, படத்துல விழறீங்க!" என்றார். கச்சேரி மறுபடி தொடங்கிவிட்டது.

இதற்குள் லெவானுக்கு வியர்த்துக் கொட்டியது. சுவரோடு சரிந்து உட்கார்ந்தார். "ஒண்ணும் இல்ல தாமுனா, கொஞ்சம் உக்காந்துக்கறேன்" என்றார், நாக்குக் குழறியது. அந்த நேரத்தைப் பற்றித் தாமுனா பின்னர் என்னிடம் சொன்னதை அப்படியே சொல்கிறேன்: "உதடு வெளுத்துப் போச்சு. என்னைப் பாக்கறாரு, ஆனா நான் யாருன்னு யோசிக்கற மாதிரி பாக்கறாரு. அழுதுகிட்டே வார்த்தை தேடுறேன். எங்கிட்ட இருந்ததெல்லாம் ஊர் பாக்குற வார்த்தைதான். ஒரு வார்த்தைகூட உதவலை."

உதவவில்லையா? கேளுங்கள், தாய்மார்களே, கேளுங்கள்! வாயுள்ள பிள்ளை பிழைக்கும். பாட்டு முடிந்து அடுத்த பாட்டு தொடங்குவதற்குள், கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு அந்த அம்மையார் நிமிர்ந்தார். கேட்டுப் பார்த்தாயிற்று, கெஞ்சிப் பார்த்தாயிற்று. இனிக் கேட்கப் போவதில்லை, அழைக்கப் போகிறேன் என்று முடிவு செய்தார். அழுகுரலை விழுங்கிவிட்டு, கோடையில் பயணிகளை அழைக்கக் குன்ஸ் கூவுவாரே, அதே தோரணையில், பிழையில்லாத ஜெர்மனில் முழங்கினார்:

"பெருமதிப்பிற்குரிய விருந்தினர்களே! செபாஸ்டியன் கோபுரத்துக்கு நல்வரவு! வழிகாட்டியுடன் சுற்றிப் பார்க்கும் நிகழ்ச்சி இப்பொழுது தொடங்குகிறது! நுழைவாயில் இடப்பக்கம்! படம் எடுக்கலாம்! அனுமதி இலவசம்!"

இலவசம்! அந்த ஒற்றைச் சொல்லுக்கு, வாய்க்குக் கொண்டுபோன ஊதுகுழல் நின்றது. பீர்க் குவளை நின்றது. லின்டன்ஃபுர்ட் நகரமே நின்றது, அதுவும் வரிசையில் நின்றது! முண்டியடித்தோமா? இல்லை. வாசலில் தொடங்கி நீரூற்றைச் சுற்றி வளைந்த அழகிய வரிசை. இரண்டாவது ஆள் நான். கடையை விட்டுவிட்டு, விற்க வைத்திருந்த சாற்றுப் புட்டியைக் கையில் பிடித்தபடியே ஓடிவந்தேன். முதல் ஆள் மருந்துக்கடை ரோஸ்விதா அம்மாள். கதவைத் தள்ளினார், பூட்டியிருந்தது. வந்ததே கோபம்!

"இலவசம்னு கூப்பிட்டுட்டு கதவைப் பூட்டி வெச்சிருக்காங்க! இது என்ன ஒழுங்கு? கூப்பிடுங்க அந்தக் குன்ஸை!"

கதவைத் திறங்க என்று ஒருத்தி கெஞ்சியபோது வராத கோபம், அறிவிப்புக்கும் கதவுக்கும் ஒத்துவரவில்லை என்றதும் வந்தது பாருங்கள்! குன்ஸுக்குத் தொலைபேசி பறந்தது. கேக் முள்கரண்டியைக் கையில் பிடித்தபடியே வந்து சேர்ந்தார்.

"இன்னிக்கு நிகழ்ச்சியே கிடையாது!"

"நிகழ்ச்சி இருக்குன்னு மேலேருந்து அந்தம்மா சொல்றாங்களே!"

"மேல யாரும் இல்ல. நான் மணி அடிச்சேன்."

"அப்ப பேசினது யாரு? புனித செபாஸ்டியனா?"

"யாரும் இல்லன்னு காட்டறேன், வாங்க எல்லாரும்!"

யாரும் இல்லை என்று நிரூபிப்பதற்காகவே, அவையோரே, அந்தக் கதவு திறந்தது! உள்ளே கால் வைத்த என்னைக் குன்ஸ் தடுத்தார். "எக்பர்ட், குடிக்கறது உள்ள கூடாது." நான் என்ன செய்தேன்? புட்டியைக் கோட்டுக்குள் செருகிக்கொண்டு, "என்ன புட்டி?" என்று கேட்டேன். விதியை மீறியதற்காக இந்த அவை என்னைத் தண்டிக்கலாம். கைதட்டுகிறீர்கள், சரி, மன்னித்துவிட்டீர்கள்.

மேலே போனோம். மூச்சிரைக்கப் போனோம். அங்கே மனைவியின் மடியில் தலை வைத்து, கண் பாதி மூடி, லெவான். தாமுனா நல்வரவும் சொல்லவில்லை, வணக்கமும் சொல்லவில்லை. என் கோட்டைப் பிடித்து இழுத்துப் புட்டியைப் பிடுங்கிக் கணவரின் உதட்டில் வைத்தார். "முழுங்கு, முழுங்கு" என்று தன் தாய்மொழியில் சொல்லியிருக்க வேண்டும். அந்தக் குரல் எந்த மொழிக்காரனுக்கும் புரியும். முதல் வாய் வழிந்து போனது. இரண்டாவது வாய் இறங்கியது. மூன்றாவது, நான்காவது. ரோஸ்விதா அம்மாள் நாடியைப் பிடித்தபடி மருத்துவ வண்டியை அழைத்தார். மெல்ல, மிக மெல்ல, அந்த முகத்துக்கு நிறம் திரும்பியது. லெவான் கண்ணைத் திறந்தார். புட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வகுப்பில் படித்த ஜெர்மனில் கேட்டார்:

"ருசியா இருக்கு. என்ன விலை?"

அழுதேன் ஐயா! அறுபது வயது ஆண்பிள்ளை, அந்தக் கல்தரையில் உட்கார்ந்து அழுதேன். எனக்குப் பக்கத்தில் குன்ஸ், முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, என்னைவிடச் சத்தமாக அழுதார். தாமுனா மட்டும் சிரித்தார்.

அப்போது மாடிப்படியில், வரிசை கலையாமல் காத்திருந்த நம் மக்கள் கேட்டார்கள்: "என்னங்க, நிகழ்ச்சி எப்ப ஆரம்பிக்கும்?" அந்த அம்மையார் என்ன செய்தார் தெரியுமா? ஆபத்துக்குப் பாவமில்லை என்று விட்டிருக்கலாம். விடவில்லை. மருத்துவர் வந்து லெவானைச் சோதித்துப் பயமில்லை என்று சொன்னதும், முகத்தைத் துடைத்துக்கொண்டு படித்த சொற்களை எல்லாம் எடுத்து வைத்தார். "இது கோபுரம். மிகப் பழையது. அதோ ஆறு. அதோ பாலம். பாலம் அழகு. இறங்கும்போது தலை பத்திரம்." நான் பிறந்த ஊர், அன்றுதான் நான் முதன்முதலாகப் பார்த்ததுபோல் இருந்தது.

இன்று குன்ஸ் மணி அடித்துவிட்டு மேலே ஏறி மூலை மூலையாகப் பார்த்துவிட்டுத்தான் பூட்டுகிறார். முழங்கால் வலிக்கிறது என்கிறார், வலிக்கட்டும். பெட்டிக்கு மேலே புதுப் பலகை: மருந்தும் சர்க்கரையும் கையோடு போகலாம். ஆனால் பலகையால் மட்டும் ஒரு நகரம் திருந்துமா? நம் மொழியைக் கற்க ஒருவர் வாய் திறந்தால், நாம் காது திறக்க வேண்டாமா? அவர் நான்கு சொல் சொன்னால், ஐந்தாவது சொல்லை எடுத்துக் கொடுக்க வேண்டாமா? தாய்மார்களே, பெரியோர்களே, எண்ணிப் பாருங்கள்! வெளியே போக வழி எங்கே என்று அந்தப் பெண் நம்மைக் கேட்டாள், நாம் திறக்கவில்லை. கதவைத் திறவுங்கள் என்று கெஞ்சினாள், திறக்கவில்லை. பூட்டிய கோபுரத்தில் சிக்கியிருந்தவள், வெளியே சுதந்திரமாக நின்ற நம்மைப் பார்த்து "வாருங்கள், நல்வரவு" என்று அழைத்தாள். அப்போதுதான் திறந்தது! வந்தவரை வரவேற்கும் சொல்லை, இந்த ஊரில் பிறந்த நமக்கு வந்தவர் அல்லவா சொல்லிக்கொடுத்தார்!

செவிகொடுத்த சபைக்கு நன்றி. சினந்து கதவைத் திறக்க வைத்த ரோஸ்விதா அம்மாளுக்கு நன்றி. சாட்சியாக உயிரோடு அமர்ந்திருக்கும் லெவானுக்கு எல்லாவற்றிலும் பெரிய நன்றி. தாமுனா அம்மா, எழுந்து வாருங்கள், பட்டையை அணிந்துகொள்ளுங்கள். இந்த ஊருக்கு நீங்கள் வந்து நான்கு ஆண்டாகிவிட்டது. அன்றே நாங்கள் சொல்லியிருக்க வேண்டிய ஒரு சொல் பாக்கி இருக்கிறது. ஊரே எழுந்து நின்று சொல்லட்டும், நம் மொழியிலேயே சொல்லட்டும்: நல்வரவு!