பயத்தைப் பாடமாக வைக்காத ஜெசிந்தா அம்மாளுக்கு

மயிலைக்கும் சாந்தோமுக்கும் நடுவே, கச்சேரி சாலையின் ஓட்டுக் கட்டடத்தில், பதினெட்டு ஆண்டுகள் மழலைகளுக்கு மணியான எழுத்தும் மாறாத மகிழ்ச்சியும் வழங்கிய மாண்புடையீர்! பொறுமையின் பெட்டகமே! கடிந்து பேசாமலே கட்டிக்காத்த கண்ணியமே! எங்கள் அன்புக்கும், அவ்வப்போது எங்கள் முணுமுணுப்புக்கும் உரிய தலைமையாசிரியை ஜெசிந்தா அம்மாள் அவர்களே! பெற்றோரும் பிள்ளைகளும் நிறைந்த இந்தச் சபையில், உடன் உழைத்த ஆசிரியர்கள் உள்ளம் உருகிச் சொல்லும் பிரியாவிடை வந்தனத்தை ஏற்றருள்வீர்!

இம்மடலை இயற்றி வாசிக்கும் பொறுப்பு இரண்டாம் வகுப்பு ஆசிரியை லூர்துமேரியாகிய என் தலையில் விழுந்தது. “அம்மாளைப் புகழ்ந்து நாலு வரி எழுதினால் போதும், வம்பு வேண்டாம்” என்று பாடசாலை மானேஜர் துரைராஜ் அவர்கள் சொல்லியனுப்பினார். நாலு வரியில் அடங்குகிற ஆளா நீங்கள்? அடுத்த திங்கட்கிழமை புதிய தலைமையாசிரியர் வருகிறார். அவர் மேசைமேல் பிரம்பு இருக்க வேண்டும் என்று தீர்மானமாகியிருக்கிறது. பெற்றோர் விருப்பம் என்று காரணமும் சொல்லப்படுகிறது. ஆகவே பெற்றோர் விருப்பத்தைப் பற்றியே இந்த மடலை எழுதியிருக்கிறேன்.

பெற்றவர் மனமறிந்த பெருந்தகையீர்!

சேர்க்கைக்கு வரும் பிள்ளையின் பெயரைக் கேட்பதற்கு முன்பே, பெற்றவரை உட்கார வைத்து, “உங்க பிள்ளை இங்கே என்ன கத்துக்கணும்?” என்று கேட்பது தங்கள் வழக்கம். அதுவரை யாரும் எதையும் கேட்டிராத மனிதர்களைக்கூடக் கேட்டீர்கள். விஜயதசமியன்று வெற்றிலைத் தட்டோடு வரும் மாடவீதித் தகப்பனார் இங்கிலீஷ் என்பார். குப்பத்துத் தாய், தராசுமுள் பார்க்கவும் தப்பில்லாமல் கூட்டவும் தெரிந்தால் போதும் என்பார். ரங்கூனுக்குப் புருஷனை அனுப்பிவிட்டுத் தனியாக இருந்த ஒரு பெண், வரும் கடிதத்தை அடுத்த வீட்டாரிடம் கொடுக்காமல் தன் மகளே படித்துச் சொல்ல வேண்டும் என்று வெட்கத்தோடு சொன்னது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. தையற்கடை வலியுல்லா சாயபு, தம் பெண் நாலு பேர் முன்னால் வாய் திறந்து பேசினாலே பெரிய படிப்பு என்றார். அத்தனையையும் ஏதாவது ஒரு பாடத்தில் நுழைத்துவிடுவீர்கள். எழுத்துப் பயிற்சி கடிதமாயிற்று, கணக்குப் பாடம் மீன்கூடையாயிற்று, வாசிப்புக்கு லஸ்ஸில் நிற்கும் டிராமின் பலகை போதுமாக இருந்தது.

ஆனால் ஒரு விருப்பம் மட்டும், சாதி பாராமல், சமயம் பாராமல், எழுந்து போகும்போது எல்லாப் பெற்றோர் வாயிலிருந்தும் வந்தது. “கண்ணு ரெண்டை மட்டும் விட்டுட்டு மிச்சத்தை உரிச்சுடுங்க!” மாடவீதியும் மீனவர் குப்பமும் மனமொத்துப் போனது இந்த ஒரு விஷயத்தில்தான். “அது மட்டும் இங்கே கிடைக்காது” என்று சிரித்துக்கொண்டே சொல்லி அனுப்புவீர்கள்.

அன்பால் ஆண்ட அம்மையீர்!

மீன் விற்கும் அங்காளம்மாள் தம் மகன் தேசப்பனைச் சேர்க்க வந்தபோது வெறுங்கையோடு வரவில்லை. காயவைத்த திருக்கை மீனின் வாலைத் தாமரை இலையில் சுற்றிக் காணிக்கையாகக் கொண்டுவந்தார். அதனால் ஓர் அடி வாங்கியவன் ஆயுசுக்கும் மறக்கமாட்டான்! “தா டீச்சரம்மா, பிரம்பு கிரம்புலாம் இவனுக்கு ஒறைக்காது. எங்கூட்டுக்காரரு புடிச்ச திருக்கை, நல்லா காஞ்சி கீது. இத்தால ரெண்டு குடு, தானா படிப்பான்” என்றார். நீங்கள் அதை இரு கைகளாலும் வாங்கிக்கொண்டீர்கள். மறுநாள் முதல் அந்த வால், கரும்பலகையில் எழுத்தைச் சுட்டிக்காட்டும் கோலாயிற்று. அதன் நுனி தொடும் எழுத்தைத் தேசப்பன்தான் எல்லோருக்கும் முன்னால் உரக்கக் கத்துவான். சன்னல் வழியாக அதைப் பார்த்த அங்காளம்மாளுக்குச் சந்தோஷமா ஏமாற்றமா என்று எங்களுக்கு இன்றுவரை விளங்கவில்லை.

மாடவீதியிலிருந்து வந்த எதிர்ப்பு அத்தனை இனிக்கவில்லை. வக்கீல் குமாஸ்தா ஸ்ரீனிவாசராகவன் அவர்கள் இதோ முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். நான் சொல்வதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். அவர் மகள் கோமளம் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது, பெற்றோர் பலரைத் திரட்டிக்கொண்டு வந்து பொரிந்து தள்ளினார். “எங்காத்துக் கொழந்தை டீச்சரைக் கண்டா சிரிக்கறா. பயம்னு ஒண்ணு வேண்டாமா? பயமில்லாத எடத்துல படிப்பு எப்படி ஏறும்? கொழந்தைகளைக் குட்டிச்சுவராக்கிண்டிருக்கேள்!” தீபாவளிக்குள் பிரம்பு வராவிட்டால் எல்லோரும் பிள்ளைகளை நிறுத்திக்கொள்வதாகக் கெடு வைத்தார். அத்தனை பிள்ளைகள் போனால் பாடசாலையை மூட வேண்டியதுதான். அடிக்காவிட்டாலும் பரவாயில்லை, சும்மா சுவரில் மாட்டியாவது வையுங்களேன் என்று நாங்கள் எல்லோரும் கெஞ்சினோம். “மாட்டினால் என்றைக்காவது கை அதை எடுக்கப் போகும்” என்றீர்கள். அன்றைக்கு எங்களுக்கு உங்கள்மேல் வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல.

கெடு முடியுமுன்பே அந்த நாள் வந்தது. நல்ல மழை பெய்து ஓய்ந்திருந்தது. விறகுப் படகு பார்க்கும் ஆசையில் தேசப்பனும் கோமளமும் பாடசாலைக்கு மட்டம் போட்டுவிட்டுக் கால்வாய்க்குப் போயிருக்கிறார்கள். கரை சரிந்து கோமளம் சேற்றில் இடுப்புவரை புதைந்துவிட்டாள். தேசப்பன் இழுத்துப் பார்த்திருக்கிறான், முடியவில்லை. தண்ணீரோ ஏறிக்கொண்டிருந்தது. இந்தச் சபையில் உள்ள தாய்மார்களே, தகப்பன்மார்களே, அந்தச் சிறுவனை ஒரு நிமிஷம் நினைத்துப் பாருங்கள். மட்டம் போட்டவன் அவன், அவளை அழைத்துப் போனவனும் அவன். வீட்டுக்குப் போனால் உதை. வேறு பாடசாலையாக இருந்தால் அங்கேயும் உதை. ஓடிப்போய் எங்கேயாவது ஒளிந்துகொள்கிற வயசு!

அவன் நேரே உங்கள் வகுப்புக்குள் ஓடி வந்தான். “டீச்சர், மட்டம் போட்டுட்டு கால்வாய்க்குப் போனோம். நான்தான் இட்டுகினு போனேன். கோமளம் சேத்துல மாட்டிக்கினா. சீக்கிரம் வா டீச்சர்!”

“எந்த இடம்?” என்று மட்டும் கேட்டீர்கள். குரல் உயர்த்தியே அறியாத நீங்கள் அன்று கச்சேரி சாலை முழுக்கக் கூவிக்கொண்டு ஓடினீர்கள். லஸ்ஸில் டிராமுக்குக் குறுக்கே கையை நீட்டி நிறுத்திவிட்டுக் கடந்தீர்கள். நாங்களும் பின்னாலேயே ஓடிவந்தோம். படகுக்காரர்கள் கயிறு வீசிக் குழந்தையை இழுத்தெடுத்தபோது தண்ணீர் அவள் மார்பைத் தாண்டியிருந்தது.

அன்று மாலை இந்த முற்றத்தில் நடந்ததை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். சேதி கேட்டு ஓடிவந்த அங்காளம்மாள், “பாவி, அந்தப் பொண்ணு பூட்டிருந்தா நான் இன்னாடா பண்ணுவேன்?” என்று மகனை அடிக்கக் கை ஓங்கினார். ஸ்ரீனிவாசராகவன் அவர்கள் குறுக்கே விழுந்து தடுத்தார்.

“அடிக்காதேம்மா! உதைக்குப் பயந்து இவன் எங்கேயாவது ஒளிஞ்சிண்டிருந்தா, என் கொழந்தை இன்னிக்கு எனக்கில்லே” என்று சொல்லி, அத்தனை பேர் முன்னால் விம்மி விம்மி அழுதார்.

“இன்னா சாமி, நீயே இப்டி சொல்ற?” என்ற அங்காளம்மாள் அப்படியே உட்கார்ந்து மகனைக் கட்டிக்கொண்டார். அதன்பிறகு அவர்கள் இருவரும் பிரம்புப் பேச்சை எடுத்ததே இல்லை.

எத்தனை விரைவாய்ப் போய்விட்டன அந்த நாட்கள்! கோவைத் தழையால் சிலேட்டைத் தேய்த்த பச்சை வாசனையும், பிற்பகலில் கடற்காற்று வந்து எல்லாப் பிள்ளைகளையும் ஒருசேரத் தூங்க வைத்த சுகமும், ஓடு ஒழுகும் இடமெல்லாம் பாத்திரம் வைத்துவிட்டு அந்தத் தாளத்துக்கே வாய்ப்பாடு சொல்லவைத்த உங்கள் குறும்பும் இனி எங்களுக்கு எங்கே கிடைக்கும்? தேசப்பன் இன்று துறைமுகத்தில் வேலை பார்க்கிறான். கோமளம் உபாத்தியாயினி ஆவதற்குப் படிக்கப் போகிறாள். தியாகராய நகரில் மனை வாங்கிக் குடிபோனவர்கள்கூட இன்று வண்டி பிடித்து வந்திருக்கிறார்கள். 

மதிப்பிற்குரிய மானேஜர் அவர்களே! தங்கள்மேல் எங்களுக்கு விரோதம் ஏதுமில்லை. புதிதாக வரும் பெற்றோர் பிரம்பு கேட்கிறார்கள் என்கிறீர்கள். மெய்தான், கேட்பார்கள். பிள்ளை கெட்டுப்போய்விடுமோ என்று பெற்றவர்களுக்குப் பயம். அந்தப் பயத்தைப் பிள்ளையின் முதுகில் இறக்கி வைக்கச் சொல்கிறார்கள். அவர்கள் கேட்ட மற்ற எல்லாவற்றையும் நாங்கள் கொடுப்போம். கீழே கையொப்பமிட்ட நாங்கள் நால்வரும் அந்தப் பிரம்பைத் தொடமாட்டோம். இதனால் எங்கள் வேலைக்கு என்ன ஆகும் என்று தெரிந்தே சொல்கிறோம். கலியாணத்துக்குப் பெண்களை வைத்திருக்கும் வேதநாயகம் ஐயாதான் முதல் கையொப்பம் போட்டார். நாலு வரிக்கு மேல் போய்விட்டதற்கு மன்னிக்க வேண்டும். சொன்ன விஷயத்துக்கு மன்னிப்புக் கேட்பதாக இல்லை.

எங்கள் இதயத்தில் வீற்றிருக்கும் அம்மையீர்!

சாந்தோமில் தங்கள் தங்கை வீட்டில் கடற்காற்று வாங்கியபடி நோய்நொடியின்றி நூறாண்டு வாழ்க! உண்ட உணவு உடலில் ஒட்டுக! உறக்கம் உரிய நேரத்தில் வருக! பேரும் புகழும் பிள்ளைகள் வாயால் பெருகுக! இந்த வேண்டுதலில் எங்கள் சுயநலமும் இருக்கிறது. உங்களுக்கு உள்ள பொறுமை எங்களுக்குக் கிடையாது. வெயில் ஏறிய நேரத்தில் வகுப்பு முழுக்க ஒன்றாகக் கத்தும்போது எங்களில் யாருக்காவது ஆத்திரம் வரத்தான் செய்யும். அப்போது, “நாளைக்கு ஓர் ஆபத்து என்றால் இந்தப் பிள்ளை உன்னிடம் ஓடி வருமா?” என்று எங்களைக் கேட்பதற்கு நீங்கள் இருக்க வேண்டும், அம்மா.

இங்ஙனம்,
தங்களோடு உழைத்த ஆசிரியர்கள்

வேதநாயகம்
லூர்துமேரி
ஜலஜா
கைசர் ஜஹான்

கச்சேரி சாலை எலிமெண்டரி பாடசாலை,
மயிலாப்பூர், சென்னை.
1938 ஏப்ரல்